மேசையில் உட்காராத டேப் அக்கா

“அக்கா, நீங்க எப்பதான் உக்காருவீங்க?”

கேட்டவள் கல்லூரி ஓட்டக்காரி; உயரத்தால் எல்லோருக்கும் அவள் ‘நெட்டை’. டேப் அக்கா ஒட்டுப்பட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி, “அடுத்த காலு!” என்று குரல் கொடுத்தார்.

விளையாட்டு அறையில் உயரமான மேசை ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகள் அதில் ஏறிக் காலை நீட்டுவார்கள். கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, தசையை நீவுவது, ஐஸ் வைப்பது எல்லாம் அக்காவின் வேலை. சாப்பாடு நின்றபடிதான். ஜன்னலோரம் ஒரு வாய், கதவோரம் ஒரு வாய். போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் அறையை நாலு சுற்று வந்துவிடுவார்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறினால் ஓட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அன்றைய பாடத்தைச் சொல்ல வேண்டும். தடுமாறினால், “போய்ப் படிச்சிட்டு வா. காலு எங்கயும் ஓடிடாது” என்று இறக்கிவிடுவார். வணிகவியலும் விலங்கியலும் அரையும் குறையுமாக அவர் காதில் விழுந்து கிடக்கின்றன.

தேர்வு நெருங்கினால் பயிற்சியாளரிடம் சண்டைக்கே போவார்.

“சார், இவளுக்கு இன்னிக்கு லீவு. வீங்கியிருக்கறது காலு இல்ல, தலை.”

“நீ என்ன, இவங்களுக்கு வக்கீலாம்மா?” என்று பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். லீவு கிடைத்துவிடும்.

எல்லோருக்கும் லீவு வாங்கித் தருகிற அக்காவின் வலது கட்டைவிரல் சில மாதங்களாக மடங்கவில்லை. ஒரு மாதம் ஓய்வு கொடுக்காவிட்டால் அறுவை சிகிச்சைதான், பிறகும் பழைய பிடி வருமா என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் பாட்டில் மூடியைக்கூடக் கணவர்தான் திறந்து தருகிறார்.

“கிரவுண்டுல மட்டும் அந்த விரலு வலிக்காதோ?” என்று இடிப்பார் அவர்.

“இந்தப் போட்டி முடியட்டும், விடுங்க.”

ஒன்று முடிவதற்குள் அடுத்த போட்டி வந்து நிற்கும். ஒதுங்கினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: இடது கையால் சுற்றுவது. நெட்டையின் காலில் அதைச் சோதித்த அன்று, உள்பக்கத்திலிருந்து வெளியே இழுக்க வேண்டிய பட்டையைக் கைமாறிய குழப்பத்தில் வெளியிலிருந்து உள்ளே இழுத்துவிட்டார். கால் மடங்காமல் பிடிக்க வேண்டிய பட்டையே காலை மடக்கியது. மைதானத்தைப் பாதிச் சுற்று ஓடுவதற்குள் நெட்டை மண்ணில் விழுந்தாள்.

ஐஸ் பையோடு ஓடிவந்த அக்காவின் முகம் வெளுத்திருந்தது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பும் காலில் லேசான சுளுக்கும்தான். மாற்றிச் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்ததுமே, கோளாறு அக்காவின் கையில்தான் என்று நெட்டைக்குப் புரிந்துவிட்டது.

“கையக் காட்டுங்கக்கா.”

“கைக்கு என்ன? நீ காலப் பாரு.”

“காட்டுங்கன்னா காட்டுங்க.”

மடங்காத விரலைப் பார்த்து, மருத்துவர் சொன்னதையும் கேட்டுத் தெரிந்துகொண்டவள், அக்காவை இழுத்துக்கொண்டு நொண்டியபடியே பயிற்சியாளரிடம் போனாள். “சார், அக்காவுக்கு ஒரு மாசம் லீவு. இன்னிக்கு நான்தான் வக்கீல்.”

“போட்டிய வச்சிக்கிட்டு…” என்று ஆரம்பித்த பயிற்சியாளர், விரலைக் கண்டதும் நிறுத்தினார். “ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க எப்ப சார் கேட்டீங்க?” என்றார் அக்கா.

பயிற்சியாளர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். “நல்லா ஆகிட்டு வா. இந்த மேசைக்கு வேற ஆளு கிடையாது. அதுவரைக்கும் சீனியருங்க சுத்தக் கத்துக்கட்டும்.”

உங்களுக்குத் தெரிந்த மைதானத்திலும் இப்படி நின்றுகொண்டே இருக்கிற ஒருவர் இருப்பார். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு லீவு தர வேண்டியவர்களிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

விளையாட்டு அறைக்குத் திரும்பியதும் நெட்டை மேசையைத் தட்டினாள். “ஏறுங்கக்கா. சட்டம் தெரியுமில்ல? பாடம் சொல்லுங்க.”

அக்கா ஏறி உட்கார்ந்தார். தரைக்கு எட்டாத கால்கள் சும்மா இருக்க முடியாமல் ஆடின.

“இதயத்துல நாலு அறை இருக்கு,” என்று ஆரம்பித்தார். “அதுல ரெண்டு மாடியில, ரெண்டு கீழ… அதுங்க பேரு…”

“படிச்சிட்டு வாங்கக்கா!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அக்கா இறங்கவில்லை. பட்டை சுற்ற வலது கையை மெதுவாக நெட்டையிடம் நீட்டினார்.