ஆடிட்டில் தேறிய பயம்

பனியன் கம்பெனி நடத்தியவனுக்குப் பயம் புதிதல்ல. நூல் விலை ஏறினால் பயம், சாயம் மாறினால் பயம், கப்பலைத் தவறவிட்டால் பயம். அதற்கெல்லாம் ‘பொறுப்பு’ என்று பெயர் வைத்து மற்றவர் தலையில் ஏற்றிவிடுவேன். கம்பெனியை மகனிடம் ஒப்படைத்த பிறகு பயப்படச் சரக்கில்லை. ஆகவே என் இதயத்தைப் பிடித்துக்கொண்டேன். அது ஒழுங்காகத்தான் துடித்தது. இசிஜி எடுத்த எல்லோரும் அப்படியே சொன்னார்கள். அந்த நல்ல செய்தி எனக்கு அரை நாள் தாங்கும். பிறகு வேறொரு ஆஸ்பத்திரி.

இதில் அகப்பட்டுக்கொண்டவள் என் மனைவி. அவள் காய் வாங்கப் போனாலும் போன் செய்வேன். எனக்கு ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்பேன். ஆகாது என்று அவள் சொல்ல வேண்டும். குரலில் தெம்பு குறைந்தால் மறுபடியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மகள் வந்தால் மனைவியின் கவனம் பங்கு போகுமே என்று, திருப்பூரில் நல்ல ஆஸ்பத்திரி இல்லை எனச் சொல்லி அவளைப் புகுந்த ஊரான சென்னையிலேயே இருக்க வைத்தேன். அதே திருப்பூரில் நான் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. பிரசவம் பார்க்கப் போன மனைவியையும், குழந்தையைத் தொட்டிலில் போடுமுன்பே, நெஞ்சு அடைக்கிறது என்று திரும்ப வரவழைத்தேன். அவள் வாசலில் வந்து இறங்கியதும் அடைப்பு நீங்கிவிட்டது.

மகள் இரண்டாம் முறை உண்டானபோது மனைவி சண்டை போடவில்லை. இந்த முறை தான் போவது உறுதி, அதற்குள் பார்க்க வேண்டியவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மகன் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனான். திருநெல்வேலிப் பக்கத்து இளம்பெண். சி.பி.டி. என்ற சிகிச்சைமுறையை எனக்கு விளக்கினார். பயம் வரும்போது மனதில் ஓடும் எண்ணத்தை எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு, எதற்குப் பயந்து ஓடுகிறோமோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்க்க வேண்டும். போன் செய்யாமல், நாடி பிடித்துப் பார்க்காமல், ஒரு காலை முழுக்க வீட்டில் தனியாக இருப்பது என் முதல் பயிற்சி. பயம் ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாகவே இறங்கும். இறங்குமுன் ஓடிவிடுவதால்தான் அது இறங்கும் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை என்றார்.

ஜவுளிப் பொறியியல் படித்தவன் நான். உடனே புரிந்தது. ஆனால் ஏசி அறை, எதிரே கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் ஒருவர். இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடிட் என்றே எடுத்துக்கொண்டேன்.

தொழிலாளர் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோமா என்று பார்க்க வெளிநாட்டு வியாபாரியின் ஆடிட்டர் வருமுன் என் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. விட்டுப்போன பதிவேடுகளையெல்லாம் உட்கார்ந்து வெவ்வேறு பேனாவில் எழுதி முடிப்போம். ஓவர்டைம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று தொழிலாளிகளை ஒப்பிக்க வைப்போம். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி. அந்தப் புலமை எனக்கு இப்போது கைகொடுத்தது. வாரம் முழுவதும் எழுத வேண்டியதைச் சந்திப்புக்கு முந்தின நாள் வெவ்வேறு பேனாவில் எழுதினேன். ஒரேயடியாகக் குணமானால் சந்தேகம் வரும் என்பதால் அங்கங்கே கொஞ்சம் பயத்தையும் விட்டுவைத்தேன். தனியாக இருக்க வேண்டிய காலைகளில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று வாட்ச்மேன் விசாரித்தபோது, சொந்தக்காரருக்கு என்றேன். நம்மைவிடச் சொந்தம் யார்?

மனைவியையும் தயார் செய்தேன். ஆலோசகர் அறைக்குள் அழைத்து விசாரித்தபோது அவள், “முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப நல்லாத் தூங்கறாருங்க” என்று பிசகாமல் ஒப்பித்தாள்.

“நீங்க நல்லாத் தூங்குதீங்களாம்மா?” என்று கேட்டார் அவர்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். தன் தூக்கத்தைப் பற்றிய பதிலுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்து, “அவளுக்கென்னங்க” என்று முடித்துவைத்தேன். வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் மிகக் கேவலமான வாக்கியம் அதுதான் என்று இன்று தோன்றுகிறது. போட்டிக்கு வேறு பல வாக்கியங்களும் உண்டு.

ஆடிட்டில் தேறியதற்குத் தண்டனை, பெரிய ஆர்டர் வருவது. நான் தனியாக இருந்து பழகிவிட்டதாக நானே சொல்லியாயிற்று. மகளுக்கு நாள் நெருங்கியதும் மனைவி பையைக் கட்டினாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, “டாக்டரம்மாகிட்ட நீங்கதானுங்களே சொன்னீங்க, தனியா இருந்துக்கறேன்னு” என்றாள். நம்பிச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காலை ரயிலில் சென்னைக்குப் போனாள். ஈரோட்டைத் தாண்டியிருப்பாள், எனக்கு நெஞ்சு படபடத்தது, கை வேர்த்தது. போன் செய்தேன். நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றேன்.

“சேலத்துல எறங்கிக்கறனுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெஞ்சு வலிங்களா, பயமுங்களா?”

வலி என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். மகள் இரண்டாம் முறையும் தாய்த்துணை இல்லாமல் கிடந்திருப்பாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “பயம்தான்” என்றேன்.

“அப்ப நான் போறனுங்க. பயத்துக்கு அந்த டாக்டர் புள்ளைக்குப் போன் பண்ணுங்க” என்று வைத்துவிட்டாள்.

ஆலோசகருக்குப் போன் செய்தேன். எழுதியது, ஆஸ்பத்திரி நாற்காலி, மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவருக்கு ஆச்சரியம் வந்ததாகத் தெரியவில்லை. இன்றிலிருந்து ஆரம்பிப்போம், வீட்டை விட்டு வெளியே போகாதீங்க ஐயா என்றார். உட்கார்ந்தேன். பயம் ஏறியது, நின்றது, மதியத்துக்கு மேல் இறங்கியது. இத்தனை வருடம் ஒரு பெண்ணைக் காவலுக்கு உட்கார வைத்து நான் பார்க்காமலிருந்தது இவ்வளவுதான்.

பேத்தி பிறந்தாள். தொட்டிலில் போட்டதையும் மனைவி பக்கத்தில் இருந்து பார்த்தாள். எப்போது திரும்புகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை. அம்மா நன்றாகத் தூங்குகிறாளா என்று மட்டும் மகளிடம் கேட்டேன்.

“நல்லாத் தூங்கறாங்கப்பா. எழுப்பவே மனசு வரல.”