அடைத்த காதோடு ஒரு ரிவ்யூ

எங்க வீட்டுக்காரருக்குப் பகல்ல இன்சூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலமானா ஸ்பீக்கர். தென்காசியில ஒரு மாடி வீட்டு ஹால்ல உட்கார்ந்துக்கிட்டு, கம்பெனிக்காரங்க அனுப்புற ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் கேட்டுப் பார்த்து யூடியூப்ல நல்லது கெட்டது சொல்லுவார். சொல்லிட்டுத் திருப்பி அனுப்பிடுவார். இதுல கெட்டதைச் சொல்றதுதான் அவருக்கு இனிக்கும். உள்ளதைச் சொன்னா நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். ஒரு கம்பெனி ஸ்பீக்கரை, பானைக்குள்ள தலையை விட்டுப் பாடுத மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார். அந்தக் கம்பெனி அதுக்கப்புறம் ஒரு வயர்கூட அனுப்பல. இதே வேலை பார்க்கிற மத்தவங்க வீட்டுல ஓசி ஸ்பீக்கர் நிக்க இடமில்லையாம். எங்க வீட்டுப் பரண்ல காலி அட்டைப்பெட்டிதான் இருக்கு.

போன குற்றாலச் சீசன்ல ஒரு புதுக் கம்பெனியோட ஆள் கார்லயே ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இறக்கினார். அடடா, என்ன அழகு! இடுப்பு உயரம், தேக்கு நிறம், கையை வச்சா வழுக்குது. இலஞ்சி பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்து நான் வாங்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடுவுல அது ரெண்டும் மாப்பிள்ளை பொண்ணு மாதிரி நின்னுச்சு. ஆளுக்கொரு குரோஷா துணி விரிச்சுப் பூச்சாடி வச்சேன். அதுமேல எதையும் வைக்கக் கூடாதுன்னு அவர் கத்தினார். நான் காதுலயே வாங்கல. ஆலங்குளத்து நாத்தனார் வந்து, என்ன விலைன்னு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுக் கேட்டா பாருங்க, எனக்கு அன்னைக்குச் சோறே வேண்டியிருக்கல.

அதுல இவர் பாட்டுப் போட்டுப் பார்க்குறதுக்குள்ள, சனிக்கிழமை அந்தக் கம்பெனி ஆள், சாரல் நல்லா விழுது, ஒரு குளியல் போட்டுட்டு வந்துரலாம் சார்னு இவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போனார். எண்ணெய்த் தேய்ப்பு, மெயினருவி, அப்புறம் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். பொழுது சாய இவர் கண்ணு ரெண்டும் சிவந்து வந்து நின்னார். ராத்திரிக்குச் சாப்பாடு வேணுமான்னு கேட்டேன். ஆமா, நல்ல கூட்டம்னார். இன்னும் சத்தமாக் கேட்டேன். தண்ணியும் நல்லா விழுந்துச்சுன்னார். அருவித் தண்ணி காதுக்குள்ள போய் அடைச்சுக்கிட்டிருக்கு, வேறென்ன!

இன்னைக்கு வீடியோ எடுக்காதீங்கன்னு நான் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். கம்பெனி ஆளோ, நாளைக்கு விற்பனை ஆரம்பம், இன்னைக்கே வேணும்னு நின்னார். என் காதைப் பத்தி எனக்குத் தெரியாதான்னு இவருக்கு ரோஷம் வேற. கடைசியில போனைப் பிடிச்சு வீடியோ எடுத்தது நான்தான். விளக்கு வச்சுத் தேடினாலும் இதுல குறை கிடையாதுன்னு அவர் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆச்சி ஜன்னலைச் சாத்திட்டாங்க.

வீடியோ பிச்சுக்கிட்டுப் போச்சு. துபாய்ல இருந்து என் தம்பி போன் போட்டான். இலஞ்சியில அவன் கட்டுற வீடு முடியப் போகுது. அத்தானே குறை சொல்லாத சாமான்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், வெள்ளிக்கிழமை பணம் கட்டிருதேன்னான். கம்பெனி ஆளும் போன்ல வந்து, அந்த ஜோடி உங்க வீட்டுலயே இருக்கட்டும், நீண்ட நாள் இரவல்னு வச்சுக்கோங்கன்னார். எத்தனை நாளுன்னு கேட்டேன். சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

ரெண்டு மூணு நாள் போயிருக்கும். காலையில தலையைச் சாய்ச்சுத் துவட்டும்போது அவருக்குக் காது திறந்துக்கிச்சு. சந்தோஷத்துல ஒரு தவில் கச்சேரியைப் போட்டார். தவில்ல ஒவ்வொரு அடி விழும்போதும் இடப்பக்க ஸ்பீக்கர் டர்ர்னுச்சு. பூச்சாடியை எடுத்தார். ஃபேனை நிறுத்தினார். வயரை மாத்திப் போட்டார். டர்ர். நான் அதை வீடியோ எடுத்த அன்னைக்கே கேட்டிருந்தேன், ஷோகேஸ் டம்ளர் ஆடுதுன்னு நினைச்சிருந்தேன். ஏன் சொல்லலன்னு என் மேல பாய்ஞ்சார். ஊருக்கே காது நீங்கதானே, நான் என்னத்தைக் கண்டேன்னேன்.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு அந்த டர்ரைக் கேக்க வச்சார். அந்த ஆள், சத்தம் கூட்டி வச்சா இந்த மாடலே அப்படித்தான், ஆனா பத்துப் பேர் ரிவ்யூ பண்ணிட்டாங்க, ஒருத்தரும் சொல்லலையே சார்னார்.

"பத்துப் பேரையும் குற்றாலத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"ன்னார் இவர்.

போனை வச்சுட்டு, தலையில கை வச்சு உட்கார்ந்துட்டார். எனக்குன்னா எரிச்சலான எரிச்சல். வாழ்க்கையில ஒரு தடவை அழகா ஒரு சாமான் வீட்டுக்குள்ள வந்திருக்கு, அதுக்கும் வந்துருச்சு வினை. தம்பிக்கு மட்டும் வாங்க வேண்டாம்னு சொல்லிருவோம், மத்ததை விட்டுத் தள்ளுங்க, ஊர்ல எவன் உண்மையைச் சொல்லுதான்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏட்டி, அந்த வீடியோவைப் பார்த்தவன் எல்லாம் எவளோ ஒருத்திக்குத் தம்பிதானட்டி?"

நான் கோபத்துல எந்திரிச்சுப் போய் அடுப்படியில ரெண்டு பாத்திரத்தை உருட்டினேன்.

அன்னைக்கே இன்னொரு வீடியோ போட்டார். எனக்கு அப்ப காது கேக்கல, கேக்காத காதோட பேசிட்டேன், இதுல இடிபோல சத்தம் வந்தா டர்ருங்குது, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி, அந்த டர்ரையும் போட்டுக் காமிச்சார். தம்பி பணம் கட்டாம நிறுத்திட்டான். ஊரே சிரிச்சுது. வேற கம்பெனிகள்ல இருந்து ரிவ்யூவுக்கு வர வேண்டிய ரெண்டு ஆம்ப்ளிஃபயரும் வரல. காது கேக்குற மிஷின் விக்கிற ஒரு கடைக்காரர் மட்டும், எங்க சாமானை ரிவ்யூ பண்ணுவீங்களான்னு மரியாதையாக் கேட்டு எழுதினார்.

கம்பெனி ஆள் டிரைவரோட கார்ல வந்து இறங்கினார், மூஞ்சில ஈயாடல. நான் குரோஷா துணியை உருவி மடிச்சேன். ரெண்டு ஆம்பளைகளும் ஸ்பீக்கரைத் தூக்கிக் கீழ கொண்டுபோய் வண்டியில ஏத்தினாங்க, இவர் மட்டும் மேல ஏறி வந்தார். ஹால் வெறிச்சுனு கிடந்துச்சு. எனக்கு அவர் மேல ஆத்திரம் ஆறவே இல்ல.

கார் கிளம்புற சத்தம் வரல. படியில காலடிச் சத்தம் கேட்டுச்சு. சண்டைக்குத்தான் திரும்பி வாராருன்னு நான் முன்னால போய் நின்னேன். அந்த ஆள் வாசலுக்கு வெளியவே நின்னு, கீழ டிரைவருக்குக் கேட்டுறாம மெதுவா இவர்கிட்டப் பேசினார்.

"சார், எங்க அப்பா ரிட்டையர் ஆயிட்டாங்க. பாட்டுன்னா உசுரு. ஒரு செட் வாங்கிக் குடுக்கணும். எங்க கம்பெனி வேண்டாம். நீங்க ஒண்ணு சொல்லுங்க."

எங்க வீட்டுக்காரர் கொஞ்சம்கூட நக்கல் இல்லாம, அப்பா ரூம் எவ்வளவு பெருசு, ஜன்னல் எந்தப் பக்கம்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். நான் விலகி அந்த ஆளுக்கு உள்ள வர வழிவிட்டேன்.