மடியைப் பாருங்க

கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் நான் உதவியாளாகச் சேர்ந்த புதிதில், யாராவது நாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்போம். மாடும் ஆடும்தான் வரும். நாய்க்கு வைத்தியம் என்பது அப்போது பெரிய வீட்டு விவகாரம். பிறகு பொமரேனியன் காலம் வந்தது. அரிசி மில்காரர் வீட்டில் ஒன்று, பேங்க் மேனேஜர் வீட்டில் ஒன்று என்று ஆரம்பித்து, கடைசியில் வாத்தியார் வீடு வரைக்கும் ஒரு வெள்ளைக் குட்டி வேண்டும் என்றாகிவிட்டது. எண்பத்தேழாம் வருஷம் மஞ்சள் பையில் குட்டியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் பிழைக்காது.

"எங்க வாங்கினீங்க?" என்று கேட்பேன்.

"தியாகதுருகத்துலங்க."

"தாயப் பாத்தீங்களா?"

"பாக்காம வாங்குவமா? வெள்ள வெளேர்னு, கழுத்துல மணி கட்டிகினு, பாயி மேல ராணியாட்டம் உக்காந்துகினு இருந்துது."

எல்லோரும் அதே மணி கட்டிய தாயைத்தான் பார்த்திருந்தார்கள். ஒரே தாய் மாதாமாதம் எப்படி ஈனும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். இதே ஆட்கள் கறவை மாடு வாங்கப் போனால் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். காம்பைப் பீச்சிப் பார்ப்பார்கள். இரண்டு வேளை கறந்து காட்டச் சொல்வார்கள். பல்லும் சுழியும் பார்க்காமல் தும்பைக் கையில் வாங்கமாட்டார்கள். நாய் என்றால் மட்டும் ரோமம் வெள்ளையா என்பதோடு சரி. வெளுத்ததெல்லாம் பால். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், வாய்விட்டே திட்டிவிடுவேன். டாக்டர்தான் என்னை உள்ளே போகச் சொல்லி அடக்குவார்.

அந்த மணி கட்டிய நாயின் பெயர் ஜூலி. அதைப் பார்த்துக்கொண்டவள் பூமாலை. தியாகதுருகத்தை ஒட்டின ஊர்க்காரி. புருஷன் ராமசாமி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். இவள் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்து, மூன்று பிள்ளை பெற்ற இடுப்பு ஒருநாள் மக்கர் பண்ணியதும் நின்றுகொண்டாள். "குனிஞ்சா நிமுர முடியல, நிமுந்தா குனிய முடியல. நெழல்ல நிக்கிற மாதிரி நாயி வேல கெடச்சாலும் சரின்னு சொல்லிகினு இருந்தேன். சாமி காதுல அப்பிடியே வுழுந்துடுச்சி, நாயி வேலயே குடுத்துட்டாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வெற்றிலை போட்ட வாய், வம்புக்கு அஞ்சாத வாய்.

வேலை கொடுத்தவர் ஜெயப்பிரகாஷ். கெட்ட வார்த்தை பேசத் தெரியாத மனிதர், அவளையே "பூமாலைம்மா" என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குப் பின்னால் பழைய மரவள்ளிக் கிழங்குக் கிடங்கு. தகரக் கூரை, உள்ளே வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். பெட்டை நாய்கள் அதிலேயே பருவத்துக்கு வந்து, அதிலேயே சினையாகி, அதிலேயே ஈன்று, மறுபடி அடுத்த ஈற்றுக்குத் தயாராகவேண்டும். ரோமம் கொட்டி, காம்பு தொங்கி, கம்பியில் நின்று நின்று பாதம் விரிந்து போயிருக்கும். குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கும்போதே பிரித்துவிடுவார்கள், சின்னதாக இருந்தால்தான் வாங்குகிறவர்களுக்கு ஆசை வரும். ஆனால் அந்தத் தாய்களைக் காட்டினால் ஒரு குட்டி விற்காது. அதற்குத்தான் முன்கூடத்தில் ஜூலி. ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்கவைத்த பொம்மை மாதிரி. உருவம் கெட்டுவிடும் என்று அதை இணைசேர்க்கவே இல்லை. ஒரு குட்டியும் ஈனாத நாய், வந்த குட்டிக்கெல்லாம் தாய்.

யாராவது வாங்க வந்தால் பூமாலை பின்னாலிருந்து ஒரு குட்டியை எடுத்துக் குளிப்பாட்டித் துடைத்து முன்கூடத்துக்குக் கொண்டுவருவாள். ஜூலியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு குட்டியை அதன் வயிற்றோரம் விடுவாள். ஜூலி உறுமும். ரோமத்துக்குள் கையை விட்டுத் தாடையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். குட்டி காம்பு தேடி முட்டும். "ஏன் பால் குடுக்கல?" என்று யாராவது கேட்டால், "கூச்ச சுபாவம்ங்க. ஆளு இருந்தா குடுக்காது" என்பாள். ஒருவரும் அந்த ரோமத்தை விலக்கி மடியைப் பார்த்ததில்லை.

சில மாதம் போனதும் ஜூலி உறுமுவதை நிறுத்தியது. பிறகு நக்க ஆரம்பித்தது. ஒருநாள் பூமாலை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள், இடுப்பில் ஜூலியோடு. அன்றைக்குத்தான் அவளை நான் முதலில் பார்த்தது.

"ணா, ஈனாத நாயிக்குப் பால் வருது. இது இன்னா கூத்து?"

டாக்டர் பார்த்தார். வயிறு முழுக்கக் காம்புகள் பருத்து, தொட்டாலே பால் கசிந்தது.

"ஒடம்பு ஏமாந்துபோச்சும்மா" என்றார். "நாய்ங்களுக்கு இப்பிடி ஆவறது உண்டு. குட்டிங்க பக்கத்துல வந்துகினே இருக்குதா, நமக்குத்தான் பொறந்துதுன்னு நெனச்சிகிச்சி. குட்டியக் காட்டாம இருந்தா வத்திடும்."

"காட்டாம எப்பிடிங்க? காட்டறதுதானே அதுக்கு வேல."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் ஜூலியைப் பார்த்திருக்கமாட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு விற்பனையும் பூமாலைக்கு நரகமாகிவிட்டது. விலை பேசி முடிந்ததும் வாயில் காம்போடு இருக்கிற குட்டியைப் பிடுங்கவேண்டும். ஜூலி சங்கிலி இழுக்கிற தூரம் வரைக்கும் ஓடும். பிறகு திரும்பி வந்து பாயைப் புரட்டும், சாக்கைப் புரட்டும். வாசலில் கிடக்கிற செருப்பை வாயில் கவ்விவந்து வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொள்ளும். ஜெயப்பிரகாஷ் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பூமாலை தன் பழைய ரவிக்கை ஒன்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகள் திறக்கவில்லை. பல ஊர்களில் கலவரம், சாவு என்று செய்தி வந்தபடியே இருந்தது. எங்கள் டாக்டர் சொந்த ஊருக்குப் போகமுடியாமல் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார். ஜெயப்பிரகாஷ் மெட்ராஸில் மாட்டிக்கொண்டார். கிடங்கில் மெட்ராஸுக்கு அனுப்பப் பிரித்து வைத்த குட்டிகள் கூடையில் இருந்தன. அவற்றுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் ஆரம்பித்தது.

பூமாலை கூடையைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பால் இருக்கிற இடம் அது ஒன்றுதான். எல்லாக் குட்டிகளையும் ஜூலியிடம் விட்டாள். ஜூலி ஒவ்வொன்றாக நக்கித் துடைத்து, காலை அகட்டிப் படுத்துக்கொண்டது. வாங்க வருகிறவர் யாரும் இல்லை. பிடுங்குகிறவர் யாரும் இல்லை. ஊரே அடைத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் அந்த நாய் ஒரு தாயாக இருந்தது. பூமாலை அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அது மொகத்த நீ பாத்திருக்கணும் ணா" என்பாள்.

குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. முதல் குட்டியை எடுக்கப்போனபோது ஜூலி கடிக்க வந்தது. பூமாலை அதைப் புடவை மடியில் போட்டுக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தபடி இருந்தது. இரண்டாவதற்கும் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு குட்டி சில்லிட்டுப்போனால் ஜூலி தானே கவ்விக்கொண்டுவந்து பூமாலையின் மடியில் வைத்தது.

கடைசியாக ஒரு குட்டி மிஞ்சியபோது ஜூலிக்கும் வாந்தி கண்டது. பூமாலை இரண்டையும் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு நடந்தாள், அந்த இடுப்போடு. வெட்டிப்போட்ட மரத்துக்குப் பக்கத்தில் நின்ற பையன்கள் மறித்தார்கள்.

"கூடையில இன்னாக்கா?"

"தாயும் புள்ளையும்பா. ஒடம்பு சரியில்ல."

ஒருவன் துணியை விலக்கிப் பார்த்தான். நாய் என்று சொல்லிச் சிரிக்கத்தான் வாயெடுத்தான். சிரிக்காமல் கூடையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் கொடுத்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கூடையை இறக்கித் துணியை எடுத்தேன். ஜூலி மெதுவாக எழுந்தது. அதன் வாயில் குட்டி இருந்தது. தள்ளாடித் தள்ளாடி நடந்து அதைப் பூமாலையின் மடியில் வைத்துவிட்டு, அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

ஜூலி பிழைத்தது. ரோடு திறந்ததும் ஜெயப்பிரகாஷ் வந்தார். புதுசாக வந்திருக்கிற வைரஸ், கிடங்கைக் கழுவிவிட்டு ஆறு மாதம் குட்டியே வைக்காதீர்கள் என்றார் டாக்டர். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூமாலை அவரை வாசலில் நிறுத்தி, இந்த ஒன்றை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள்.

"அது போயிட்டா நான் எத்தக் காட்டறது பூமாலைம்மா?" என்றார் அவர், மரியாதையாகவே.

அவள் வேலையை விடவில்லை. விட்டால் ஜூலியின் பக்கத்தில் யார் இருப்பது? ராமசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

ஆறு மாதம் காத்திராமலே பெங்களூரிலிருந்து புதுக் குட்டிகள் வந்தன. முதலில் வாங்க வந்தது செந்தமிழ்ச்செல்வி என்கிற டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். பூமாலை குட்டியைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து ஜூலியிடம் விட்டாள். நல்ல துறுதுறுப்பான குட்டி, காதைக் கடித்து விளையாடியது. ஜூலி அதை முகர்ந்தது. ஒருமுறை நக்கியது. பிறகு கழுத்தில் கவ்வித் தூக்கிவந்து பூமாலையின் மடியில் வைத்துவிட்டுப் பாயில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"ஏம்மா, தாய் எதுக்கு உங்க மடியில கொண்டாந்து வெக்குது?" என்று கேட்டார் டீச்சர்.

மடியில் குட்டி அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. பூமாலையின் வாயில் வழக்கமான பொய் வரவில்லை.

"இது தாய் இல்லீங்க" என்றாள். "மடியப் பாருங்க, வத்திப்போச்சி. இந்தக் குட்டி பெங்களூருல இருந்து வந்துது, இங்க ஈனற தாயிங்க எல்லாம் பின்னாடி கூண்டுல கெடக்குது. எதுவா இருந்தாலும் கையில இருந்து புடுங்கிடுவாங்கன்னு இதுக்குத் தெரிஞ்சிபோச்சிங்க. அதான் முன்னாடியே குடுத்துடுது."

டீச்சர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஊரெல்லாம் சொன்னார். பூமாலைக்கு அன்றோடு வேலை போனது. அது அவளுக்குப் பெரிதில்லை. தாய் வேஷம் அம்பலமானபிறகு ஜூலியை முன்கூடத்தில் வைத்து என்ன செய்வது? ஜெயப்பிரகாஷ் அதையும் கூண்டில் போட்டார்.

பூமாலை தினமும் கிடங்கின் பின்சுவர்ப் பக்கம் போய் நின்று "ஜூலிம்மா" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து குரல் வரும். கார்த்திகை, மார்கழி எல்லாம் வந்தது. தையில் ஒருநாள் வரவில்லை. சொந்தக் குட்டியை ஈனமுடியாமல் செத்துப்போனது என்று அங்கே புதிதாகச் சேர்ந்தவள் சொன்னாள். பூமாலை என்னிடம் வந்து கேட்டாள்.

"நான் வாய மூடிகினு இருந்திருந்தா அது பாயிலயாவது படுத்துகினு இருந்திருக்கும். இல்ல ணா?"

அந்த வருஷமே ஜெயப்பிரகாஷ் வேறு ஊருக்குக் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். பூமாலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்க உட்கார்ந்தாள். கூடையில் குட்டி வைத்து விற்கிறவர்கள் அங்கேயும் வருவார்கள். யாராவது குனிந்து குட்டியைத் தூக்கினால் இவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள். "தாய் எங்கன்னு கேளுங்க. காட்டினா மடியப் பாருங்க. குட்டி அதுகிட்ட ஓடுதா, அது குட்டியத் தேடுதான்னு பாருங்க." குட்டிக்காரர்கள் அவளைக் கண்டபடி ஏசுவார்கள். கண்டக்டர்கள் 'மடியம்மா' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவள் கடலையை மடித்துக் கொடுத்துக்கொண்டே திரும்ப அதையேதான் சொல்வாள்.

செந்தமிழ்ச்செல்வி டீச்சருக்குக் கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மாற்றலானது. அங்கே வேடியப்பன் என்கிற விவசாயி வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. செம்பட்டை நிறம், மணியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. டீச்சர் வாசலில் கால் வைத்ததுமே தாய் முன்னால் வந்து நின்று குரைத்ததாம். மடி தொங்கிக்கொண்டு, சேறு அப்பிக்கொண்டு, காலுக்கடியில் குட்டிகள் முட்டிக்கொண்டு. வேடியப்பன் குட்டியைக் கொடுக்காமல் கேள்விதான் கேட்டாராம். பகலில் வீட்டில் ஆள் இருக்குமா, கட்டியே போடுவீர்களா என்று. "சோறு தின்னப் பழகட்டும் டீச்சர், தை பொறந்து வாங்க. வளக்க முடியலன்னா ரோட்டுல வுட்டுடாதீங்க, எங்கிட்டயே கொண்டாந்து வுடுங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

தை பிறந்து குட்டியை வாங்கியதும் டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்தார். நானும் அப்போது கடலை வாங்க நின்றிருந்தேன். பூமாலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குட்டியை வாங்கினாள். வாயைத் திறந்து பல் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாய்கிட்ட மிச்சம் எத்தினி வுட்டாரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு. அது ரெண்டையும் அவரே வளக்கறாராம்."

"அப்ப சரி" என்றாள் பூமாலை. "அது பாயப் பொரட்டாது."

குட்டியை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தாள். சேலம் பஸ் வந்து நின்றது, யாரோ கடலை கேட்டார்கள். அவள் காகிதத்தைக் கையில் எடுத்தாள், மடிக்க முடியவில்லை. நான்தான் வாங்கி மடித்துக் கொடுத்தேன்.