பின்பாதியை முதலில் பார்த்தவள்

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் ஊரிலுள்ள எல்லாருடைய பெயரையும் அடித்தவள் நான்தான். மாதா கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள், கருமாதி விளம்பரத்தில் வரும் மகன் மருமகன்கள், கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்ன முப்பது பேர் என்று ஒருவரையும் விட்டதில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் அடிக்கும் டி.டி.பி. ஆபரேட்டர் வேலை. அதோடு கடைசிப் பக்கத்தில் ‘வீட்டில் பார்க்க’ என்று வாரம் ஒரு சினிமா விமர்சனமும் எழுதினேன். அதன் கீழே மட்டும் ‘நமது நிருபர்’ என்று போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருடைய நிருபர்? விடுமுறை நாளில் சாரம் பகுதியிலிருந்த என் வீட்டில், சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்து படம் பார்த்தவள் நான்.

ஒருநாள் ஆசிரியரிடம் கேட்டேவிட்டேன். “சார், என் பேரைப் போடுங்க.”

“மூணு மாசம் ஓடட்டும்மா. ஒரு புகார் வரக்கூடாது. வந்துச்சுன்னா அந்த எடத்துல சமையல் குறிப்பு போட்டுடுவேன்” என்றார்.

சமையல் குறிப்பு! அதையும் நான்தான் அடித்தாக வேண்டும்.

நான் நட்சத்திரம் கொடுப்பதில்லை. தியேட்டரில் இருட்டில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அங்கே அது சரி. வீட்டு ஹாலில் மாமனார் ஈசிச்சேரில் இருக்கிறார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறான். அதனால் யாரோடு பார்க்கலாம் என்று எழுதினேன். பழைய படங்களைக் கிண்டலடித்து வந்த ஒரு காமெடிக்கு, ‘மாமியாரோடு தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் எந்தப் படத்தைக் கேலி செய்கிறார்கள் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குள் அடுத்த சிரிப்பு போய்விடும்’ என்று எழுதியிருந்தேன். வாடகை சிடி கடைக்குப் போனால் இரண்டு பேராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எழுதியது நான்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாயை மூடிக்கொண்டு வருவேன்.

மூன்றாவது மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கல்யாணப் படத்தை எடுத்து வந்தேன். வழக்கம்போல இரண்டு விசிடி. எது முதல், எது இரண்டாவது என்று கடைக்கார அண்ணன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பார். ஒன்று என்றிருந்ததைப் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் பாத்திரங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் பிரித்துக் கட்டுகிறாள், புருஷன் மெஸ்ஸில் சாப்பிடுகிறான், பிறகு கோர்ட். கடைசியில் சிடி சிக்கி நின்றது. வாடகை சிடிக்கு ஓரம் தேய்ந்திருப்பது சகஜம்தானே என்று அடுத்ததைப் போட்டு, முதலில் வந்த விளம்பரங்களை ஓட்டிவிட்டேன். அப்போதுதான் படத்தின் பெயரே வருகிறது! அட, பாதிப் படம் முடிந்த பிறகு டைட்டில் போடுகிறானே, என்ன தைரியம் என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். பிறகு பெண் பார்த்தார்கள், தாலி கட்டினார்கள், வாடகை வீடு பிடித்தார்கள். மொட்டைமாடியில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுச் சிரிக்கும்போது படம் அப்படியே நின்றது. அதுவும் தேய்ந்த ஓரம்தான். எனக்கு அதுவே முடிவாகப் பட்டது, அழுதும்விட்டேன்.

‘பிரிவில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து, சிரிப்பில் உறைந்து முடிகிறது. இயக்குநருக்கு ஒரு சலாம்’ என்று எழுதினேன். யாரோடு பார்க்கலாம் என்ற இடத்தில், ‘கட்டிக்கொண்டவரோடு’.

பத்திரிகை வந்த நாலாம் நாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் நேராக ஆபீசுக்கே வந்து, விமர்சனம் எழுதியது யார் என்று விசாரித்து என்னிடம் வந்துவிட்டார். “மதாம், நீங்க எழுதினத நம்பி எங்க தெரு கடையில எடுத்தேன். படம் கல்யாணத்துல ஆரம்பிக்குது. டைட்டில் மொதல்லயே வருது. நீங்க இன்னா படம் பாத்தீங்க?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அண்ணன் சிடிகளைத் திருப்பிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயோ தங்கச்சி, நம்பர மாத்திப் போட்டுட்டேனே!”

“கடைக்காரர் தப்புன்னு ரெண்டு வரி அடிச்சிடு. அடுத்த வாரத்துலேருந்து சமையல்” என்றார் ஆசிரியர், நான் திரும்பி வந்து சொன்னதும்.

எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேலேதான் அதிகம். வருஷக்கணக்காகப் படம் பார்க்கிறவளுக்கு டைட்டில் நடுவில் வந்தால் உறைக்க வேண்டாமா? ஆனால் நான் அழுதது பொய்யில்லையே. “சார், அந்த எடத்த இந்த ஒரு வாரம் மட்டும் குடுங்க. அப்புறம் ரசம் வைக்கிறதக்கூட அடிக்கிறேன்” என்றேன். உம் என்றார்.

‘சிடியில் எண் மாறியிருந்தது. ஆனால் பார்த்த கண் என்னுடையது, கடைக்காரரைத் திட்டாதீர்கள். நான்தான் மண்டு. இருந்தாலும் சொல்கிறேன், இயக்குநர் எடுத்ததைவிட நான் பார்த்த படம் நல்ல படம். இரண்டாவது சிடியை முதலில் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், இந்தப் பக்கத்துக்கே வரமாட்டேன்’ என்று அடித்துக் கொடுத்தேன். ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு எழுத்தையும் வெட்டாமல் விட்டார்.

அந்த வாரம் கடையில் அந்தப் படம் கிடைக்கவில்லை. “கடலூர்லேருந்து இன்னும் நாலு செட்டு வரவழைச்சேன், அதுவும் வெளிய போயிடுச்சு. எல்லாரும் ரெண்டாவத மொதல்ல போடணுமான்னு கேட்டுட்டுப் போறாங்க” என்றார் அண்ணன். ஆபீசுக்கு வந்த கார்டுகளில் இரண்டு பேர் திட்டியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் என் கட்சி.

வெள்ளிக்கிழமை சொல்தா மறுபடி வந்தார், இம்முறை மனைவியோடு. ஆசிரியர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அந்த அம்மாதான் பேசினார். “நேரா பாத்தப்ப இவரு குறட்டை விட்டாரு. நீ சொன்ன மாதிரி பாத்தோம்மா. கோர்ட்டுல போய் நிக்கப் போறாங்கன்னு நமக்குத் தெரியுது, அந்தப் பொண்ணு தெரியாம சிரிக்கிறா, அவளக் கூப்பிட்டுச் சொல்லணும்போல இருக்கு. படம் முடிஞ்சி ரொம்ப நேரம் இவரு என் கையை விடல.” சொல்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் ஆசிரியர் தொண்டையைச் செருமினார். “சரிம்மா, பேரு போட்டுடலாம். இனிஷியல் எது? அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா?”

“படம் பாத்தது நான் சார். தப்பாப் பாத்ததும் நான். இனிஷியல் வேணாம்.”

அவர் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்து என் பெயரை அடித்தேன், தடித்த எழுத்தில், தலைப்பைவிட இரண்டு பாயிண்ட் பெரிதாக.