ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்

எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, என் தம்பி, நாங்கள் வேலைக்காக வந்து தங்கிய மராத்தி நகரத்தின் மறுகோடியான சாங்வியிலிருந்து கோர்படியில் இருந்த என் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினான். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையின் முடிவு. அலுவலக வேலையாக வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டதாகவும், அதிலிருந்து ஒன்பதாம் நாள் ரத்தம் கொடுத்ததாகவும் சொன்னான். தாளில் நெகட்டிவ் என்று இருந்தது.

ஆங்கில நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்துவது என் வேலை. பெயர், வயது, தேதி மூன்றையும் சரிபார்த்து, எல்லாம் சரி என்றேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கவும். அதையும் படித்தேன். எல்லாருடைய தாளிலும் அச்சடிப்பது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவானாலும் லேமினேட் செய்துவிடுவோம். ரயில்வே காலனி பக்கத்துக் கடைக்குப் போனோம். உறையைவிடத் தாள் ஒரு விரல்கடை நீளம். எங்கே வெட்டட்டும் என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டார். கீழே என்றேன். இடம் போதாவிட்டால் செய்தியைக் கடைசியிலிருந்து வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம்.

"டிகிரி சர்டிபிகேட் பக்கத்துலயே வெச்சுக்கறேன். அதுல வாங்கின மார்க்குக்கு இது தேவலை" என்றான் தம்பி.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு. அப்போது ஊரெல்லாம் வைரல் ஃபீவர். நாலு நாளில் சரியாகிவிட்டது.

அந்தச் சோதனை தேடியது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளை. அது ரத்தத்தில் தென்படச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கிருமி, உடலைக் காக்கும் வெள்ளணுக்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பிறகு வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அணுக்கள் குறைந்துகொண்டே வரும். இதற்குத் தினசரி மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம். காலத்தில் தொடங்கியவர்கள் முதுமை வரை வாழ்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன வருடம் தம்பி இளைத்தான். வாயில் வெள்ளை படிந்தது. பிறகு விடாத தலைவலி. மருத்துவமனையில் சேர்த்தபோது, ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.ஃபோர் என்ற அந்த வெள்ளணுக்கள் முப்பத்தெட்டுதான் இருந்தன. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சை.

எச்.ஐ.வி. என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துவரச் சொன்னான். டாக்டர் தேதியைப் பார்த்தார். பிறகு அடி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி, இங்கே ஏதாவது எழுதியிருந்ததா என்று மராத்தியில் கேட்டார்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "நீதானே அண்ணா பாத்தே. ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

மூளைத் தொற்று அடங்கிய பிறகுதான் மாத்திரையைத் தொடங்க முடியும் என்றார்கள். அது அடங்கவில்லை. பதினாறாம் நாள் இறந்தான். பேச்சு இருந்தவரை அந்தப் பரிசோதனைக் கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.