புகழேந்தி வாங்கிய துப்பாக்கிப் பெட்டி

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் புகழேந்தியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாது என்று சொல்கிறவனும் அவருடைய மீசையைப் பார்த்திருப்பான். ஆள் வருவதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே மீசை தெருமுனை திரும்பிவிடும். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர், இப்போது தி.நகர் நகைக்கடை முதலாளி ஒருவருக்குக் காவல். முதலாளியையும் அவர் பையையும் அடையாறு வீட்டில் பத்திரமாகச் சேர்ப்பது வேலை. இடுப்பில் சொந்த லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர். ஒன்பது வருஷத்தில் அதை ஒரு தடவைகூட நீட்டியதில்லை. மீசையைப் பார்த்தே திருடர்களெல்லாம் ரயிலேறி ஆந்திராவுக்குப் போய்விட்டதாகத் தெருவில் பேச்சு.

இவ்வளவு பெரிய வீரருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. மனைவி இறந்துபோய் நாலு வருஷம். ஒரே மகள் மணிமொழி பிறந்தபோது அவர் பனிமலையில் இருந்தார். அவள் நடக்கப் பழகியபோது பாலைவனத்தில். வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகிற மீசைக்கார மாமா என்றுதான் அவள் அவரை நினைத்து வளர்ந்தாள்.

அந்த மணிமொழி போன ஆவணியில் போன் செய்தாள். புருஷன் ராகேஷோடு இனி முடியாது, பிள்ளைகளோடு வந்துவிடுகிறேன் என்றாள். நிலாவுக்கு ஆறு வயசு, பாரத்துக்கு மூன்று. புகழேந்திக்குக் கண் கலங்கியது. பாதி, மகள் கஷ்டத்துக்காக. மீதிப் பாதி, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷத்தில்.

"ஆனா நைனா, துப்பாக்கிய டிரங்குப் பெட்டில போட்டு சாவிய ஆணில மாட்டி வெப்பியே, அதெல்லாம் இனிமே ஆவாது. பசங்க கீற வூடு. ஒழுங்கா பூட்டி வெச்சா வரேன். இல்லாங்காட்டி வேற ரூம் பாத்துக்கினு போறேன்."

"ஒரு வாரம் டைம் குடும்மா. எறும்பு நொழைய முடியாத பெட்டியா வாங்கி வெக்கிறேன்."

"எறும்பு இன்னாத்துக்கு நைனா? நிலா தொறக்கக் கூடாது. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் இரும்புப் பெட்டி விற்கும் கடைக்குப் போனார். துணைக்கு வெள்ளைச்சாமி. அதே நகைக்கடையின் வாசலில் கதவு திறந்துவிடுகிறவர். கடைக்காரர் கிச்சா வரிசையாகப் பெட்டிகளைக் காட்டினார்.

"சாவி போட்டது வேணுமா, நம்பர் போட்டது வேணுமா, விரல் வெச்சா தொறக்குறது வேணுமா சார்?"

"மொதலாளி போன் பண்ணா டக்குனு எடுத்துக்கினு கெளம்பணும். ஆனா என்னத் தவிர வேற யாருக்கும் தொறக்கக் கூடாது."

"நம்பர் போட்டுக்கோங்க சார். பேத்தி பொறந்த நாள வெச்சிட்டா மறக்கவே மறக்காது."

"நல்லா சொன்னய்யா! வூட்டுக்கு வந்தா என் போனோட நம்பரையே என் பேத்திதான் போட்டு எனக்குத் தொறந்து குடுக்கிறா."

வெள்ளைச்சாமி மலிவான பெட்டி ஒன்றின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக் கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்துகொண்டது.

"இன்னாபா கிச்சா, உன் பெட்டி கொட்டாவி வுடுது?"

"அது நகை வெக்கிறதுக்குண்ணே..."

"அப்போ நகை போனா பரவால்லியா? மச்சி, வா, நாம ராத்திரி தொழில மாத்திக்கலாம்."

புகழேந்தி சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் குலுக்கினார், மூலையைத் தூக்கிக் கீழே போட்டார், கதவு இடுக்கில் கம்பி விட்டுப் பார்த்தார். அந்தக் கடையில் அன்று அவர் சோதிக்காமல் விட்டது மின்விசிறி ஒன்றைத்தான். மூன்று மணி நேரம் கழித்து, கனத்த தகட்டில், விரல் வைத்தால் திறக்கிற பெட்டி ஒன்று தேறியது. நாலு போல்ட்டு போட்டுச் சுவரோடு முடுக்கலாம். பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவி. அந்தச் சாவியை வீட்டில் வைக்காமல் வெள்ளைச்சாமியிடம் கொடுத்தார்.

"இத்த சொவத்துல முடுக்கிட்டா, வூடு மாறும்போது சொவத்தையும் தூக்கிக்கினு போவணும் மச்சி," என்றார் வெள்ளைச்சாமி.

மணிமொழி வந்த அன்றைக்கே பரீட்சை வைத்தாள். நிலாவின் பத்து விரலையும் பெட்டியில் வைக்கச் சொன்னாள். திறக்கவில்லை. நிலா தானாகவே கால் கட்டைவிரலையும் மூக்கையும்கூட வைத்துப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை.

"சரி நைனா. உன்ன நம்பித்தான் இருக்கேன்," என்றாள் மணிமொழி.

அவருக்கு மகளிடமிருந்து இப்படி ஒரு சொல் கிடைத்தது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஆள் தரையில் நடக்கவில்லை. காலையில் நிலாவுக்கு ஜடை பின்னிவிடுவார். அது பட்டாளத்து அணிவகுப்பு போல விறைத்துக்கொண்டு நிற்கும். மாலையில் பாரத் அவர் மீசையைப் பிடித்துத் தொங்குவான். மணிமொழி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வாரம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டிலுள்ள ஆயுதமெல்லாம் சாமி முன்னால் வரிசையாக வந்தது. மனைவியின் தையல் மெஷின், சுத்தியல், நிலாவின் புத்தகங்கள். பட்டாளத்திலிருந்து வந்த வழக்கம், ரிவால்வரும் வந்தது. குண்டு ஆறையும் கழற்றி, துடைத்து எண்ணெய் போட்டு வாழையிலையில் வைத்தார். குண்டுகளுக்குத் தனித்தனியாகச் சந்தனப் பொட்டு. கூடத்துச் சுவரில் முடுக்கியிருந்த புதுப் பெட்டியும் ஆயுதம்தானே? அதன் கதவைத் திறந்து அதற்கும் பொட்டு வைத்தார். பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறையப் பொரிகடலை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். "காலைல அவங்கவங்க சாமான எடுத்து கொஞ்சம் வேல செய்யணும் கண்ணு. நீ ஒரு பக்கம் படிக்கணும்," என்று நிலாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கியை ராத்திரி எடுத்துப் பூட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். சாமி முன்னால் இருப்பதை எப்படி எடுப்பது? குறுக்கே பாயைப் போட்டுக் காவலாகத் தானே படுத்துக்கொண்டார். கடையில் பண்டிகைக் கூட்டத்தைச் சமாளித்துக் களைத்து வந்த மணிமொழி எதையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

விடிந்ததும் எழுந்து குளிக்கப் போனார். ஐந்து நிமிஷம்தான்.

மணிமொழி காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது நிலா இரண்டு கையாலும் ரிவால்வரைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எதிரே தாம்பாளத்துப் பக்கத்தில் பாரத்.

"கைய தூக்குடா!" என்றாள் நிலா.

அவன் பொரி ஒட்டிய இரண்டு கையையும் தூக்கினான். அவள் இரண்டு கை விரலையும் சேர்த்து விசையை இழுத்தாள்.

டிக்.

டம்ளர் விழுந்தது. மணிமொழி பாய்ந்து ரிவால்வரைப் பிடுங்கினாள். வாழையிலையைப் பார்த்தாள். ஐந்து குண்டுதான் இருந்தது. பாரத்தின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அவன் வாயில் விரலை விட்டு, பொரியோடு பொரியாகக் கிடந்த ஆறாவதை வெளியே எடுத்தாள்.

"தாத்தா குளிக்கப் போச்சும்மா. அதான் அதோட வேலய நான் செஞ்சேன்," என்றாள் நிலா.

ஈரத் துண்டோடு ஓடி வந்தார் புகழேந்தி. "உள்ள குண்டு இல்லம்மா, நானே கழட்டிட்டேன். சாமி முன்னால வெச்சத ராத்திரி எடுக்கக் கூடாதுன்னு..."

"பெட்டி பக்கத்துலயே தொறந்து கெடக்குது நைனா," என்றாள் மணிமொழி. "அதுக்கும் பொட்டு வெச்சிருக்க."

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தேவலை என்று நினைத்திருப்பார். மத்தியானத்துக்குள் துணிமணி கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். கூட வேலை செய்யும் மேகலா கே.கே. நகரில் தன் வீட்டு மாடி ரூமைக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே புகழேந்தி ரிவால்வரை லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்தார். லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி இல்லாத காவல்காரர் எதற்கு என்று முதலாளி கேட்டார். நியாயம்தானே, மீசைக்கு மட்டும் யார் சம்பளம் கொடுப்பார்கள்? கணக்கை முடித்துக்கொண்டு, ஒப்படைத்த ரசீதோடு கே.கே. நகர் மாடிப்படி ஏறினார்.

மணிமொழி கதவைப் பாதி திறந்தாள். ரசீதை வாங்கி முழுசாகப் படித்தாள்.

"துப்பாக்கி வூட்ல இல்லம்மா. வேலையும் வேணான்னுட்டேன். பசங்கள கூட்டிக்கினு வந்துடு."

"நான் துப்பாக்கிய கண்டு பயப்படல நைனா. பூட்டுறேன்னா பூட்டுவேன்னு உன்னத்தான் நம்புனேன்."

"ஒரே ஒரு ராத்திரிம்மா."

"தெரியும். ஆனா நான் கடைல நின்னுக்கினு, இன்னிக்கு நைனா இன்னாத்த தொறந்து வெச்சிருக்கும்னு நெனச்சிக்கினே பில் போட முடியாது." ரசீதை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். "சாப்டியா?"

"ஆச்சு," என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

உள்ளேயிருந்து நிலாவின் குரல் வந்தது. "யாரும்மா?"

மணிமொழி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல. நீ எழுது," என்றாள்.

செருப்புச் சத்தம் கேட்டால் நிலா எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று, புகழேந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.