பாலாடைக்குச் சேர்த்த வெள்ளி

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் மகளின் பல் கிளினிக். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, உள்ளே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சமையலறையில் இருக்கும் மனைவிக்குச் சொல்வேன். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தொழிற்சாலை ஸ்டோர்ஸில் போல்ட்டையும் நட்டையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியே முடி நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ண வேறு என்ன இருக்கிறது? ஜன்னல் கம்பி பதினொன்று. முன்னறை நாற்காலி ஆறு, அதில் ஒன்று ஆடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளினிக் இங்கே இருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகும் மகள் எங்களோடுதான் இருந்தாள். மருமகன் விடிந்ததும் பஸ் பிடித்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போவார். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

சொத்தைப் பல்லை அடைக்க அந்த நாட்களில் வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சிறு கல்வத்தில் போட்டு அரைப்பாள். வெண்ணெய்போல் திரண்டதும் துணியில் வைத்து முறுக்கினால் மிச்சப் பாதரசம் துளித்துளியாக வெளியே வரும். அதை நோயாளி நாற்காலிப் பக்கத்துத் தொட்டியில் தட்டிவிட்டுத் தண்ணீரைத் திறப்பாள். அவளுக்குக் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடைத்தது போக மிஞ்சிய உருண்டை தட்டில் கிடந்து மாலைக்குள் கல்லாகிவிடும். அது குப்பைக்கு.

குப்பைக்கு என்றுதான் மகளும் நானும் நினைத்திருந்தோம்.

என் மனைவியின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். பெண் வயிற்றுப் பேரக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், வெள்ளியில் இருக்க வேண்டும். அதையும் கடையில் வாங்கக் கூடாது. அறுந்த கொலுசு, உடைந்த குங்குமச்சிமிழ் என்று வீட்டில் புழங்கிய வெள்ளியை உருக்கித்தான் செய்ய வேண்டும். படிக்கிற காலத்தில் மகள் என்றோ, "பல் அடைக்கிற தூள்ல பாதிக்கு மேல வெள்ளிதாம்மா" என்று சொன்னதை மனைவி மறக்கவில்லை. மகள் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து, குப்பைக்கூடையில் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவந்திருக்கிறாள். எல்லாவற்றையும் எண்ணுகிற என் கண்ணில் அந்தப் பாட்டில் படவில்லை.

மார்க்கெட் தெருவில் இருந்த வெள்ளி ஆசாரியிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஓர் உருண்டையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்கேம்மா. அழுக்கு எடுத்துட்டுக் கொண்டா, உருக்கித் தரேன்" என்றாராம்.

மறுநாள் காலை. வாசலில் நான்கு ஜோடி செருப்பு. அதைச் சொல்லத்தான் உள்ளே போனேன். தாளிக்கும் இரும்புக் கரண்டியைக் கேஸ் அடுப்பின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள் மனைவி. கரண்டியில் கடுகு இல்லை. சாம்பல் நிறக் கட்டிகள்.

"என்ன பண்றே?"

"வெள்ளிங்க. அழுக்கு போறதுக்குச் சுடவைக்கிறேன். இங்க பாருங்களேன், இதுக்கு வேர்க்குது!"

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கட்டிகளின் மேல் பொடிப்பொடியாக முத்துகள் அரும்பி நின்றன. இரண்டு சேர்ந்து ஒன்றாகி உருண்டன. அழகாகக்கூட இருந்தது. என் வாயில் காசைக் கடித்ததுபோல் ஒரு ருசி.

தண்ணீர் குடிக்க வந்த மகள் நிலைப்படியில் நின்று கரண்டியைப் பார்த்தாள். அப்படி ஓர் அலறலை அவளிடமிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. "அம்மா! அணை! அடுப்பை அணை! அது பாதரசம், ஆவி வருது! வெளிய வாங்க ரெண்டு பேரும்!"

கத்திக்கொண்டே உள்ளே வரக் கால் எடுத்து வைத்தாள். நான் பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை. வளையல் இரண்டு உடைந்து விழுந்தன. கதவைச் சாத்திவிட்டு, நானே அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மனைவியை இழுத்துக்கொண்டு புழக்கடை வழியாகத் தெருவுக்கு வந்தேன். அவள் கரண்டியை அடுப்பின் மேலேயே விட்டுவிட்டாள். மகளோடு முன்வாசல் வழியாக ஓடிவந்திருந்த பல்வலிக்காரர்கள் நால்வரும் தாடையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்கள்.

"நான் என்னடி பண்ணேன்? உன் பிள்ளைக்குத்தானே..." என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

"பிள்ளைக்குத்தாம்மா முதல்ல போகும்" என்றாள் மகள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். "தாய் மூச்சுல போனா குழந்தையோட மூளைக்குப் போகும்."

ஸ்டோர்ஸ்காரனின் புத்தி அப்போதும் ஓடியது. வந்த சரக்கு எங்கே போயிற்று?

"ஏம்மா, இந்தக் கரண்டிக்கு இப்படி அலறினியே. பாதரசம் பாட்டில் பாட்டிலா வாங்கறியே. பல்லுல கொஞ்சம் போச்சு. இதுல கொஞ்சம் இருந்துச்சு. மிச்சம் எங்கே?"

அவள் திரும்பி முன்னறையைப் பார்த்தாள். அந்தத் தொட்டியைத்தான் பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருடம் அதன் அருகில் நின்று அவள் மூச்சு விட்டிருக்கிறாள். அதில் ஏழு மாதம் இரண்டு பேருக்கான மூச்சு.

மனைவிக்கு அன்று மாலை நெஞ்சைப் பிடுங்குகிற இருமலும் காய்ச்சலும் வந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மகளை மருமகனின் அண்ணன் வீட்டுக்கு, பிரேசர் டவுனுக்கு அனுப்பினேன்.

பிறகு பிளம்பரைக் கூப்பிட்டேன். கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், வாய் ஓயாதவர். தொட்டிக்கு அடியில் வளைந்து போகும் குழாயைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். கறுத்த சேறு வந்தது. அதன் பின்னால் சரசரவென்று வெள்ளி.

"சாரே! நோடி சாரே, இங்க பாருங்க, உங்க வூட்டு பைப்பு வெள்ளி ஊத்துது!"

"கீழே விடாதேப்பா, அது பாதரசம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கை வழிந்து தரையில் சிந்தியது. துளிகளை எண்ணத் தொடங்கினேன். பதினேழு வரை எண்ணியிருப்பேன். அவர் உதவி செய்கிறேன் என்று துடைப்பத்தை எடுத்து ஒரு தள்ளு தள்ளினார். ஒவ்வொன்றும் நூறாகச் சிதறித் தரையின் வெடிப்புகளுக்குள் ஓடியது. எண்ணமுடியாமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஐயையோ, என் மோதிரம்!" என்றார் அவர். கல்யாண மோதிரம் வெளுத்துப்போயிருந்தது. "வூட்டுக்காரி கேட்டா என்னான்னு சொல்றது? வெள்ளி மோதிரம் மாத்திக்கினு வந்தேன்னு செருப்பால அடிப்பா சாரே."

"பைப்புல தங்கினது இது. தங்காதது எங்கே போகும்?"

"எங்க போவும்? சாக்கடை மோரிக்கு. மோரிலேர்ந்து ராஜகாலுவே, அந்தப் பெரிய கால்வா. அப்புறம் ஏரி." மோதிரத்தை வேட்டியில் தேய்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஏரி மீனு ஒரு தபா சாப்பிட்டுப் பாருங்க சாரே. அந்த ருசி வேற எங்கயும் வராது."

மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவையும் சுற்றுத் தெருக்களையும் சேர்த்துப் பல் கிளினிக்குகள் ஒன்பது. ஒன்பது தொட்டிகள். ஊர் முழுக்க எத்தனை என்று எண்ணப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மகள் டெலிபோனில் சொல்லச் சொல்ல, சிதறியதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். உறிஞ்சமுடியாத பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றினேன். எல்லாவற்றையும், தாளிக்கும் கரண்டி உட்பட, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு இறுக மூடினேன். நாற்காலிப் பக்கத்துத் தொட்டிக்குச் சல்லடை போட்டோம். குழாய் வளைவைத் திறந்து வடிகட்டி எடுப்பது வழக்கமாயிற்று. துணியில் முறுக்குவது நின்றது. வெள்ளித்தூளும் பாதரசமும் அளந்து அடைத்து மாத்திரைக் கூட்டில் வருவதைத்தான் பிறகு வாங்கினாள்.

மற்ற எட்டு கிளினிக்குகளுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். ஏழு பேர் சிரித்தார்கள். "நாப்பது வருஷமா கையால பிசையறேன் சார், எனக்கு என்ன ஆச்சு?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் ஒரு பெரியவர். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. வயசாயிடுச்சு என்றார். ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும் சல்லடை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி விரல்களை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து.

"என்னப்பா, ஸ்டாக் சரியா இருக்கா?" என்றாள் மகள், படுத்தபடியே.

"இருபதும் இருக்கும்மா."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "விரல்ல தெரியாதுப்பா அது."

"பின்னே எதுல தெரியும்?"

"நடக்கிறப்போ. பேசறப்போ. படிக்கிறப்போ. பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்."

மனைவி எவர்சில்வர் பாலாடையை மூன்றாவது முறையாக வெந்நீரில் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த டப்பாக்கள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. குப்பை வண்டிக்காரர் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவு எடுப்பவர்கள் எரித்துவிடுவோம் என்றார்கள். எரித்தால் என்ன ஆகும் என்று எங்கள் சமையலறைக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஐந்து டப்பா.

பேத்தி இப்போது நான்காம் வகுப்பு. ஓடுகிறாள், தமிழிலும் கன்னடத்திலும் ஓயாமல் பேசுகிறாள், வாய்ப்பாட்டில் பதின்மூன்றில் தடுக்குகிறாள். தடுக்கும்போதெல்லாம் மகளைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். எல்லாக் குழந்தையும் பதின்மூன்றில் தடுக்கும் என்று மகள் அதட்டுகிறாள்.

நேற்று அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் தாத்தா என் கையவே பாக்கறே?"

"எண்றேன்."

"பத்துதான் தாத்தா" என்றாள், தலை நிமிராமல். "நேத்தும் பத்துதான்."